அரைப்புள்ளிச் செயலாளர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்குத் தகுதி, அனுபவம், செல்வாக்கு ஆகிய எதுவும் காரணமில்லை. பொதுக்குழு கூடிய ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இல்லை. ஊரில் இல்லாதவனால் மறுக்க முடியாது என்ற எளிய நியாயத்தின்படி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் வாட்ச்மேன் ஒரு சாவிக்கொத்தையும், தலைவர் ஒரு வாட்ஸ்அப் குழுவையும் என் பொறுப்பில் விட்டார்கள். சாவிக்கொத்தில் பாதிச் சாவிகளுக்குப் பூட்டு கிடையாது. குழுவில் பாதிப் பேருக்கு வாய்ப்பூட்டு கிடையாது.

செயலாளர்தான் தண்ணீர் விடுகிறார் என்று பல வீடுகளில் இன்னமும் நம்புகிறார்கள். விடுவது வாட்ச்மேன். விட்டதாக அறிவிப்பது நான். ‘காலை 6 மணிக்கு மோட்டார் போடப்படும், 7 மணிக்கு நிறுத்தப்படும்.’ ‘லாரித் தண்ணீர் வந்துவிட்டது, சம்ப்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது.’ ‘இம்மாதப் பராமரிப்புத் தொகையை இதுவரை செலுத்தாதவர்கள் அன்புகூர்ந்து செலுத்தி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ பதவியேற்ற சில நாள்களிலேயே ஓர் உண்மை விளங்கிவிட்டது. இந்தப் பதவிக்காலம் முழுவதும் நான் சொல்லப்போகும் வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொதுவாழ்க்கையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன்; மற்றவர்களுக்கு எழுதித் தர ஆள் இருக்கிறது.

எனக்கு ஆளும் இல்லை, விரலும் இல்லை. விரல் பத்தும் இருக்கின்றன. தட்டச்சுக்கு வருவது வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். ‘அன்புகூர்ந்து செலுத்தி ஒத்துழைக்குமாறு’ என்று அந்த ஒற்றை விரலால் அடித்து முடிப்பதற்குள் எனக்கே அன்பு போய்விடும்.

என் அவதியைப் பார்த்த மகள் சொன்னாள்: “அப்பா, இதுக்கெல்லாம் ஷார்ட்கட் இருக்கு. ரெண்டு எழுத்து அடிச்சா போதும், முழு வாக்கியமும் அதுவே விரிச்சுக்கும். டெக்ஸ்ட் எக்ஸ்பான்ஷன்னு பேரு.”

“ரெண்டெழுத்துக்கு முழு வாக்கியமா? நிஜமாவா?”

“ஆமாப்பா. உனக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க.”

அவள் சொன்னதில் பாராட்டு எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நான் ஆராயவில்லை. ஆராய்ச்சியை மென்பொருள் பக்கம் திருப்பினேன். விண்டோஸ் கணினிக்கு 2003 முதல் ஆட்டோஹாட்கீ என்று ஒன்று இருக்கிறது, காசு கேட்காது. மேக் வைத்திருக்கிறவர்களுக்கு டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிற எஸ்பான்ஸோ. கைப்பேசியில் ஜிபோர்டின் தனிப்பட்ட அகராதியிலேயே வார்த்தைக்கு எதிரே ஷார்ட்கட் போட இடம் வைத்திருக்கிறார்கள். ஐபோனில் வாங்கும்போதே ஒன்று போட்டுத்தான் கொடுக்கிறார்கள்: ஓ, எம், டபிள்யூ என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்தால் ‘வந்துகொண்டே இருக்கிறேன்!’ என்று ஆங்கிலத்தில் விரியும். ஆச்சரியக்குறியும் உள்ளடக்கம். உலகத்துக் கணவர்களெல்லாம் அதிகமாகச் சொல்கிற பொய் எது என்று அந்த நிறுவனத்தில் யாரோ குடும்பஸ்தர் ஒருவர் யோசித்துத்தான் அதை முதலில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு மாலையில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். ‘ம’ என்றால் ‘மதிப்பிற்குரிய’. ‘மோ’ என்றால் மோட்டார் வாக்கியம். ‘லா’ என்றால் லாரித் தண்ணீர். ‘ப’ என்றால் பராமரிப்புத் தொகை, அன்புகூர்ந்து உட்பட. ‘ந’ என்றால் ‘நன்றி, வணக்கம். இப்படிக்கு, செயலாளர்.’ பட்டியலைப் படித்துப் பார்த்தபோது சங்க வேலையே முடிந்துவிட்ட நிறைவு வந்தது. அன்று மோட்டார் போட்டதை அறிவிக்க மறந்துபோனது வேறு விஷயம்.

இங்கேதான் நிறுத்தக்குறிகள் உள்ளே வருகின்றன. பள்ளிக்கூடத்தில் அவற்றுக்கு நான் மரியாதை கொடுத்ததில்லை. விடைத்தாளில் ஆசிரியரே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். இந்த வயதில் அவை எல்லாம் சேர்ந்துகொண்டு என்னைக் கேள்வி கேட்டன.

பந்தியில் இலையை மடக்கினால்தான் சாப்பிட்டு முடித்தோம் என்று பரிமாறுகிறவருக்குத் தெரியும். இந்த மென்பொருளுக்கும் அப்படி ஓர் அடையாளம் வேண்டும். நான் ‘மோ’ என்று அடித்தால் அது அந்த ‘மோ’தானா, அல்லது ‘மோர்’, ‘மோதிரம்’ என்று எங்காவது போகப்போகிறேனா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் காத்திருக்கும். இடைவெளி விட்டாலோ, என்டர் தட்டினாலோ, ஒரு நிறுத்தக்குறி போட்டாலோ, இவன் முடித்துவிட்டான் என்று முடிவுகட்டி விரிக்கும். ஆட்டோஹாட்கீயின் கணக்கில் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, மேற்கோள், அடைப்புக்குறி, சாய்கோடு, சிறுகோடு எல்லாமே இலையை மடக்குவதுதான்.

ஆங்கிலேயருக்கு இது சரிப்படும். நமக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது. நான்காம் மாடியில் ஒரு பெரியவர். தந்தையார் பெயரின் முதலெழுத்து ‘ம’. பராமரிப்பு பாக்கிப் பட்டியலில் ‘ம’ அடித்து, புள்ளி வைத்தேன். அவர் பெயர் ‘மதிப்பிற்குரிய.’ என்று தொடங்கியது. பாக்கி வைத்திருந்த பதினோரு பேரில் அவர் ஒருவருக்குத்தான் மதிப்பு. மற்ற பத்துப் பேரும் கேட்டார்கள்: அவருக்கு மட்டும் என்ன? பெரியவர் அன்று மாலையே பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். இத்தனை ஆண்டுகளில் சங்கத்தில் தன்னை மதித்த முதல் செயலாளர் நான்தான் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துப் பேரின் இனிஷியல்களையும் மாற்ற வழியுண்டா என்று தலைவர் என்னைத் தனியாகக் கேட்டார்.

அடுத்த சிக்கல் அழிப்பதில் வந்தது. ஷார்ட்கட்டை விரிப்பதற்கு முன் நாம் அடித்த எழுத்துகளை மென்பொருள் அழிக்க வேண்டுமல்லவா? எத்தனை விசை தட்டினோமோ அத்தனை முறை பேக்ஸ்பேஸ் போடும். நான் அப்போது ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில், எழுதிக்கொண்டிருந்தேன். அதில் விரல் தட்டுவது ஒரு கணக்கு, திரையில் நிற்பது ஒரு கணக்கு. மென்பொருள் விரலை நம்பியது. நம்பி, ஷார்ட்கட்டையும் அழித்து, பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த எழுத்துகளையும் சேர்த்து அழித்தது. ‘தலைவர்’ என்று எழுதிவிட்டு நன்றிக்கான ஷார்ட்கட்டைத் தட்டினால் ‘வர்’ போய்விட்டது. ‘தலை நன்றி, வணக்கம்’ என்று செய்தி போயிற்று. இளைஞர்கள் மத்தியில் எனக்குக் கொஞ்சம் பெயர் கிடைத்தது அன்றுதான்.

ஆகவே தமிழ்99க்கு மாறினேன். தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய விசைப்பலகை அது. இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதிலேயே பாதி ஷார்ட்கட் இருக்கிறது என்பது யாரும் எனக்குச் சொல்லாத சேதி. ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘க’வுக்குத் தானே புள்ளி வைத்து ‘க்க’ ஆக்கிக்கொள்ளும். ‘ங’வை அடுத்து ‘க’ வந்தால் ‘ங்க’. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, புள்ளி அதன் பொறுப்பு. ஓலைச்சுவடி எழுதியவர்களும் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, காற்புள்ளி அரைப்புள்ளி பற்றிக் கவலைப்படவே இல்லை. அவர்கள் விட்ட புள்ளிகளையெல்லாம் படிக்கிறவர் போட்டுக்கொண்டார்; இப்போது விசைப்பலகை போட்டுக்கொள்கிறது. இடையில் அச்சு வந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட தலைமுறைகள்தாம் பாவம்.

ஆனால் தமிழ்99இல் முப்பது சொச்சம் எழுத்துகளுக்கு இடம் வேண்டும். இருபத்தாறு ஆங்கில எழுத்துகள் இருக்கிற பலகையில் மீதி இடத்துக்கு எங்கே போவது? நிறுத்தக்குறிகளின் வீட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அரைப்புள்ளி இருந்த இடத்தில் ‘ந’ குடியிருக்கிறது. ஒற்றை மேற்கோளின் இடத்தில் ‘ய’. சதுர அடைப்புக்குறிகளில் ‘ச’வும் ‘ஞ’வும். சாய்கோட்டின் இடத்தில் ‘ழ’.

இந்த ‘ழ’வால் வந்த வினை தனி. நம் ஊரில் ரூபாயை எழுதினால் பின்னால் ஒரு சாய்கோடும் சிறுகோடும் போடாமல் மனசு ஆறாது. காசோலையிலும் ரசீதிலும் யாரும் பின்னால் காசு சேர்த்துவிடக் கூடாதே என்று தொடங்கிய வழக்கம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய தொகைக்குப் பின்னால் எந்தத் திருடனும் வந்து எண் சேர்க்க முடியாது. ஆனாலும் போட்டேன். முன்னால் ₹ குறிக்கு ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தேன். 2010 ஜூலையில் அரசு ஏற்றுக்கொண்ட, நம் தமிழ்நாட்டு உதயகுமார் வரைந்த குறி, அதை விட்டுக்கொடுக்க முடியுமா? முன்பக்கம் கம்பீரமாக வந்தது. பின்பக்கம் தமிழ்99 தன் வேலையைக் காட்டியது: ‘₹2,500ழ-’.

“சார், ழ-ன்னா ஜிஎஸ்டியா?” என்று இரண்டாம் மாடியிலிருந்து கேள்வி வந்தது.

ஜிஎஸ்டி இல்லை, ஓர் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும். இதை விளக்கி எழுத எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று, ஏனென்றால் ‘7,500’க்குப் பின்னாலும் என் விரல் பழக்கத்தில் ‘ழ-’ போட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குடும்பம் இன்றுவரை பணம் அனுப்பும்போது ‘ழ உட்பட’ என்றுதான் குறிப்பு எழுதுகிறது.

மகளிடம் ஆலோசனை கேட்டேன். “முடிவுக்கு அடையாளம் வெச்சா இப்படித்தான் ஆகும். ஆரம்பத்துல அடையாளம் வை” என்றாள். அதாவது, ஷார்ட்கட்டின் தலையிலேயே ஒரு குறி இருக்க வேண்டும். சாதாரண எழுத்தில் எழுத்தை ஒட்டி முன்னால் வரவே வராத குறி. அது வந்தால் யோசிக்க வேண்டியதில்லை. காத்திராமல் உடனே விரித்துவிடலாம்.

நம் வீட்டார் யாரும் பயன்படுத்தாத குறி எது என்று தேட ஆரம்பித்தேன். தேடலுக்காகக் குடும்பத்தினரின் செய்திகளை மறுபடி படித்தேன். இதை ஒரு குடும்பத் தலைவன் செய்யக் கூடாது.

மனைவி அனுப்புவது இப்படி இருந்தது: ‘பால் வாங்கிட்டு வாங்க கறிவேப்பிலை கேளுங்க சும்மா தருவான் அம்மா போன் பண்ணாங்க இன்னிக்கு மோட்டார் யார் போட்டது.’ கடைசியில் இருக்கிற புள்ளி நான் வைத்தது. அவளிடம் எல்லாக் குறிகளும் சும்மா கிடக்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மச்சினர் இருக்கிறாரே, அவர் ஆச்சரியக்குறியைத் தலையிலேயே போடுகிறவர்: ‘!!!காலை வணக்கம்!!!’ அது போயிற்று. என் அண்ணன் எதற்கும் இரண்டு புள்ளிதான்: ‘சரி.. வரேன்.. நீ சாப்டியா..’ காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் அவரிடம் அந்த இரட்டைப்புள்ளி ஒன்றே மருந்து. ஆகவே இரட்டைப்புள்ளியும் போயிற்று. முக்காற்புள்ளியை ‘நேரம்:’, ‘இடம்:’ என்று நானே எல்லா அறிவிப்பிலும் பிடித்துவைத்திருக்கிறேன். அடைப்புக்குறியைத் தொட முடியாது. கடிதம் அடிக்கும் மென்பொருளில் ஆங்கில ‘சி’யை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது © ஆகிவிடும். எங்கள் சி பிளாக்கை நான் ஒருமுறை அப்படி எழுதி அச்செடுத்து ஒட்டியதிலிருந்து, அந்த பிளாக்கில் யாரும் எதையும் நகலெடுக்கக் கூடாது என்று ஏ பிளாக்கில் ஒரு நகைச்சுவை நடமாடுகிறது.

மிஞ்சியது அரைப்புள்ளி. நம்மவர்கள் அரைப்புள்ளியைத் தொடுவதில்லை. தொடுகிறவர்களும் அதன் பின்னால் இடைவெளி விட்டுத்தான் அடுத்த எழுத்தை வைப்பார்கள். ஆகவே ‘;மோ’ என்பது எந்த மொழியிலும் தற்செயலாக வராது. உலகத்தில் ஷார்ட்கட் வைத்துப் பிழைக்கிறவர்களில் பலர் அரைப்புள்ளியையோ முக்காற்புள்ளியையோ தலையில் வைத்துக்கொள்வதன் ரகசியம் இதுதான் என்று தெரிந்தது. குடும்பத்தில் அரைப்புள்ளி உபயோகிக்கும் ஒரே ஆள் என் தம்பி மகள். அதுவும் பிறை அடைப்புக்குறியோடு சேர்த்துக் கண்ணடிப்பதற்கு. அவளுக்கு நான் சங்க அறிவிப்பு அனுப்பப்போவதில்லை.

தமிழ்99இல் அரைப்புள்ளியைத் தட்டினால் ‘ந’ வருமே என்றால், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் அரைப்புள்ளியே வரும். அதற்கு இன்னொரு விரல் வேண்டும். இடது கைச் சுண்டுவிரலை அந்தப் பதவிக்கு நியமித்தேன். பொதுக்குழு நடந்தபோது அதுவும் வெளியூரில்தான் இருந்தது.

எல்லாம் சரியான பிறகு இலக்கணம் வந்தது.

‘;ச’ என்றால் ‘அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்’. நீளமான பெயர், இதற்காகத்தான் ஷார்ட்கட்டே. ஆனால் தமிழில் ஒரு பெயர் எங்கே முடிகிறது? சங்கம் சும்மா நிற்காது. சங்கத்தை, சங்கத்தால், சங்கத்துக்கு, சங்கத்தின், சங்கத்தில் என்று யாரையாவது பிடித்துக்கொண்டேதான் நடக்கும். ‘சங்கம்’ என்று விரிந்த பிறகு நான் ‘க்கு’ என்று தட்டினால் ‘சங்கம்க்கு’. ‘ஐ’ போட்டால் ‘சங்கம்ஐ’. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை இருக்கிறார். “செயலாளர் சார், மகர மெய் கெட்டு அத்துச் சாரியை வரணும்” என்று குரல் பதிவு அனுப்பினார். ஆங்கிலத்துக்கென்று எழுதிய மென்பொருளுக்கு அத்துச் சாரியை எங்கே தெரியும்? எட்டு வேற்றுமைக்கும் எட்டு ஷார்ட்கட் போட்டுப் பார்த்தேன். ‘;ச1’ எழுவாய், ‘;ச4’ கொடை. நான்காம் வேற்றுமை எது என்று நினைவுக்கு வருவதற்குள் முழுப் பெயரையும் அடித்துவிடலாம் என்பது அனுபவத்தில் தெரிந்தது. விளி வேற்றுமைக்கு ‘;ச8’ என்று ஒன்று வைத்தேன்; ‘சங்கமே!’ என்று யாரும் யாரையும் கூப்பிட நேராததால் அது புத்தம்புதிதாக அப்படியே இருக்கிறது.

இதற்கும் ஒரு மருந்து கிடைத்தது. வாலை வெட்டிவிட்டு, ‘நலச் சங்கத்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது. பின்னால் இடைவெளியும் வேண்டாம். கர்சர் அந்தத் ‘த்’தை ஒட்டியே நிற்கும், ‘தை’, ‘தின்’, ‘துக்கு’ எதை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. வேறு வேலையாக எழுந்து போய்விட்டு வந்து, கோக்க வேண்டியதைக் கோக்காமல் அனுப்பினால் மட்டும் ‘இப்படிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்’ என்று அந்தரத்தில் தொங்கும். எங்கள் சங்கத்தின் நிதிநிலையைப் பார்த்தவர்கள் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தேர்ச்சியின் உச்சம் மேற்கோள்குறி. ‘;மே’ என்று தட்டினால் திறக்கும் மேற்கோளும் மூடும் மேற்கோளும் ஒன்றாக வந்து, கர்சர் தானே நடுவில் போய் நிற்கும். எஸ்பான்ஸோவிலும் ஆட்டோஹாட்கீயிலும் கர்சரை அப்படி நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. சுருள் மேற்கோள், அச்சுப் புத்தகத்தில் வருகிற அழகு. கையில் இப்படி ஒரு வசதி இருக்கும்போது சும்மா இருப்பதா? “குப்பை” வண்டி நாளை வராது என்றேன். “சம்ப்” சுத்தம் செய்யப்படுகிறது என்றேன். ‘நம் “தலைவர்” தலைமையில் கூட்டம் நடைபெறும்’ என்று எழுதிய அன்று ராத்திரி தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏன் சார், நான் தலைவர்தானே? இல்ல, நீங்க சும்மா சொல்றீங்களா?”

மேற்கோளுக்குள் போட்டால் ‘அப்படிச் சொல்லிக்கொள்கிறார்’ என்று ஒரு தொனி வந்துவிடும் என்பதை அவர் மனைவி அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். மரியாதைக்காகப் போட்டது என்று நான் சமாதானம் சொன்னேன். “அப்ப குப்பைக்கும் மரியாதையா?” என்றார். என் மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் போன பிறகு, “இவ்வளவு நேரம் பேசினதுக்கு, கையாலயே எழுதியிருக்கலாம்ல?” என்று கேட்டாள். அவள் வாக்கியத்தில் முதன்முறையாக ஒரு நிறுத்தக்குறியை நான் காதால் கேட்டேன்.

அவள் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஒரு வாக்கியத்துக்கு எனக்கு மிச்சமாவது அரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், ஷார்ட்கட் கோப்பைத் திருத்துவது, பெயர் மாற்றுவது, மாற்றிய பெயரை மறப்பது, மறந்ததைக் கோப்பில் தேடுவது என்று போகும் மாலைகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது? ஆனால் அடித்தே தீர்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு லாபமும் இதில் உண்டு. தமிழாசிரியை ‘வாழ்த்துக்கள்’ என்பதில் ஒற்று மிகாது என்று ஒருமுறை சொன்னார். கோப்பில் ஓரிடத்தில் அந்த ஒற்றை எடுத்தேன். அதற்குப் பிறகு பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் என் ‘வாழ்த்துகள்’ பிழையில்லாமல் போகின்றன. எனக்குத் தமிழ் வந்துவிட்டது என்று அவர் நம்புகிறார். வந்தது எனக்கல்ல, அந்தக் கோப்புக்கு.

வம்பு கைப்பேசியில் தொடர்ந்தது. கணினியில் வைத்த ஷார்ட்கட்டுகள் கைப்பேசிக்குத் தெரியாது. என் கைப்பேசியின் ஜிபோர்டில் தனியாகப் போட்டு வைத்தாலும், அது ஐபோனைப் போலத் தானே விரிக்காது; எழுத்துக்கு மேலே ஒரு பரிந்துரையாகக் காட்டும், நாம் அதைத் தொட வேண்டும். மாடிப்படியில் ஏறிக்கொண்டே தட்டுகிறவன் எங்கே மேலே பார்ப்பது? ‘;மோ’ என்று தட்டி அனுப்பிவிடுவேன். அறுபது வீடுகளுக்கும் ‘;மோ’ என்று மட்டும் போய்ச் சேரும்.

முதல் வாரம் ‘என்ன சார் இது?’ என்று கேட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, கணினியைத் திறந்து, அதையே விரித்து மறுபடி அனுப்புவேன். பிறகு கேட்பது குறைந்தது. காலை ஆறு மணிக்கு ‘;மோ’ வந்தால் மோட்டார் போட்டாயிற்று, வேறு என்னவாக இருக்க முடியும்? மத்தியானம் ‘;லா’ வந்தால் லாரி. மாதம் ஐந்தாம் தேதி ‘;ப’ வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நேரம்.

யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் புதிதில்லை. தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாக்கியங்களுக்கெல்லாம் எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். தீபாவளி வாழ்த்து 1. ‘நீண்ட, மகிழ்ச்சியான மணவாழ்வுக்கு வாழ்த்துகள்’ 8. எண்ணைச் சொன்னால் போதும். கம்பியில் எண்தான் போகும். போய்ச் சேருகிற ஊரில் அதை முழு வாக்கியமாக விரித்துக் கொடுப்பார்கள். அதைக் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியில் படிப்பார்கள். மாமா எட்டாம் நம்பரைத்தான் அனுப்பினார் என்று எந்த மாப்பிள்ளையும் கோபித்துக்கொண்டதில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். அந்தப் பட்டியல் எங்கள் குடியிருப்பில் அரைப்புள்ளி வைத்துக்கொண்டு மறுபிறவி எடுத்திருக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே விரித்துக் கொடுக்க ஆள் இல்லை, அவரவரே விரித்துக்கொள்கிறார்கள்.

விரித்துக்கொள்வதோடு நிற்கவும் இல்லை. மூன்றாம் மாடிக்காரர் ‘;லா எப்ப?’ என்று கேட்க ஆரம்பித்தார். வாட்ச்மேன் நேரில் வந்து, “சார், புள்ளி கமா மோ நிறுத்திட்டேன்” என்று சல்யூட் அடித்தார். சி பிளாக் பெண்கள் என்னைக் கேட்காமலே ‘;பூ’ என்று ஒன்றை உண்டாக்கினார்கள்; கார் மேல் பூனை ஏறிப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். என் மனைவி, இதுவரை எந்தக் குறியையும் தொடாதவள், ஒரு நாள் எனக்கு ‘;பா’ என்று அனுப்பினாள். பால் வாங்க வேண்டும். கறிவேப்பிலை அதிலேயே அடக்கம். கணினியும் மென்பொருளும் கோப்பும் இல்லாமல் எல்லாரும் என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில் பி பிளாக்குக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. குழுவில் சேர்ந்த முதல் நாளே அவர் தனியாக எழுதினார்: ‘சார், நான் கொஞ்சம் நல்ல தமிழ் படித்தவன்தான். ஆனால் இந்தக் குடியிருப்பில் என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை.’

நியாயமான கேள்வி. செயலாளர் என்ற முறையில் ஓர் அகராதி தயாரிக்க உட்கார்ந்தேன். கைப்பேசியில் இவ்வளவையும் அடிக்க முடியாது, கணினியில்தான் அடித்தேன். முதல் வரி: ‘;மோ’ என்றால் இன்னது என்று எழுத வேண்டும். ‘;மோ’ என்று தட்டினேன். மென்பொருள் கடமை தவறவில்லை. உடனே விரித்தது. என்றால் என்று அடித்தேன். அர்த்தத்தை எழுத மறுபடி ‘;மோ’ தட்டினேன். அதையும் விரித்தது. வரிக்கு வரி அப்படியே. பக்கத்தில் மனைவி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். திரையைப் படித்துப் பார்க்காமலே அனுப்பினேன்.

புதியவருக்குப் போய்ச் சேர்ந்தது இது: ‘காலை 6 மணிக்கு மோட்டார் போடப்படும், 7 மணிக்கு நிறுத்தப்படும் என்றால் காலை 6 மணிக்கு மோட்டார் போடப்படும், 7 மணிக்கு நிறுத்தப்படும் என்று பொருள். லாரித் தண்ணீர் வந்துவிட்டது, சம்ப்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் லாரித் தண்ணீர் வந்துவிட்டது, சம்ப்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.’ இப்படியே முழுப் பட்டியலும். கடைசியில் ‘இப்படிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்’.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: ‘நீங்கள் அனுப்பியதைப் படித்தேன் சார். வாட்ச்மேனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ;ந’